உப்புக் கரிக்கும் நெற்றி

குழந்தையை வாரி எடுத்து நெற்றியில் முத்தமிடாத தாயார் உலகத்தில் உண்டா? அந்த முத்தத்தைக் கொண்டே ஒரு வியாதியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், அந்தக் காலத்து ஐரோப்பியப் பாட்டிமார்கள். முத்தமிட்டால் உப்புக் கரிக்கிற குழந்தை தங்காது என்பது அவர்களுடைய நம்பிக்கை. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அதற்குக் காரணமும் சொல்லிக்கொண்டார்கள். சொன்ன காரணம் தவறு. ஆனால் கண்ட அடையாளம் சரி!

அந்த வியாதிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். வாயில் சுலபமாக நுழையாத பெயர்தான். அதைப் பற்றிய எல்லா விஷயங்களையும் ஒரே வாரத்தில் சொல்லி உங்களைத் திணற அடிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்த வியாதி உள்ளவர்களின் நுரையீரலில் எந்தக் கிருமி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தேட வேண்டும் என்கிறார்களே, அது ஏன்?

"நம் வீட்டில் இல்லாத வியாதியைப் பற்றி நமக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. தொடர்கதை எங்கும் ஓடிவிடாது. ஓயாமல் இருமும் குழந்தை உங்கள் தெருவிலோ உறவிலோ இருந்தால், இந்தப் பக்கம் உபயோகப்படக்கூடும்.

வேர்வையில் கிடைத்த துப்பு

1938-ஆம் வருஷம். நியூயார்க் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் டாரதி ஆண்டர்ஸன் என்ற அம்மையார் வேலை பார்த்துவந்தார். இறந்துபோன குழந்தைகளின் உடலைச் சோதித்து, மரணத்துக்குக் காரணம் என்ன என்று ஆராய்வது அவருடைய பொறுப்பு. சாப்பிட்டது ஜீரணமாகாமல், உடம்பு தேறாமல், மார்ச்சளியும் கட்டி இறந்துபோன சில குழந்தைகளின் கணையத்தில் நார் நாராகத் தழும்புகளையும் சிறு சிறு நீர்க்கட்டிகளையும் அவர் கண்டார். அதுவரை வேறொரு ஜீரணக் கோளாறு என்று எண்ணப்பட்டு வந்தது, உண்மையில் ஒரு தனி வியாதி என்று எடுத்துக் காட்டினார். கட்டியும் நாருமாக இருந்ததால்தான் வியாதிக்கு இந்தப் பெயர்.

பத்து வருஷம் கழித்து, 1948 கோடையில், நியூயார்க்கில் வெயில் கொளுத்தியது. வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து அதே ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் இந்த வியாதிக்காரர்கள் பலர் இருந்தார்கள். 'இவர்கள் மட்டும் ஏன்?' என்ற கேள்வி அங்கிருந்த டாக்டர் பால் டி ஸான்ட் ஆக்னீஸின் மனத்தில் எழுந்தது. அவர்களுடைய வேர்வையைச் சோதித்துப் பார்த்தார். அதில் உப்பு மிக மிக அதிகம் என்று 1953-ல் வெளியிட்டார். பாட்டிமார்கள் நாக்கினால் கண்டதை அவர் கண்ணாடிக் குழாயில் கண்டார்!

1959-ல் கிப்ஸன், குக் என்ற இருவர் அந்தப் பரிசோதனையைச் சுலபமாக்கினார்கள். முன்கையில் ஒரு மருந்தைத் தடவி, மிக லேசான மின்சாரத்தைச் செலுத்தினால் அந்த இடத்தில் மட்டும் வேர்க்கும். அந்த வேர்வையைச் சேகரித்து அளக்கிறார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் இந்த வியாதி என்று கொள்வது வழக்கம். 30-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மேற்கொண்டு சோதிப்பார்கள். ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம்.

வியாதிக்கு மூலகாரணமான மரபணு 1989-ல் பிடிபட்டது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று பழுதுபட்ட மரபணு இரண்டும் வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு வியாதி. ஒன்று மட்டும் இருக்கிற தாய் தந்தையருக்கு ஒரு குறையும் தெரியாது. இருவரிடமும் அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

துடைப்பம் ஓடாத வீடு

நம்முடைய மூச்சுக் குழாய்களின் உட்புறத்தில் மெல்லிய சளிப் படலம் ஒன்று எப்போதும் உண்டு. அதை அருவருப்பான விஷயமாக எண்ண வேண்டாம். காற்றோடு உள்ளே போகிற தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் இரவு பகலாக அசைந்து, துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவதுபோல அந்தச் சளியை மேலே தொண்டைக்குத் தள்ளிவிடும். நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். காரியம் முடிந்தது.

ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் உள்ளவர்களுக்கு உப்பும் நீரும் சரியாகப் போய் வருகிற வழி பழுதாகிவிடுகிறது. சளியில் இருக்க வேண்டிய நீர் குறைந்துபோகிறது. ஆறிப்போன பொங்கலைக் கரண்டியால் புரட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அப்படிக் கெட்டிப்பட்டுவிடுகிறது சளி. துடைப்பம் அசைய முடிவதில்லை. குப்பை வெளியே போகாத வீட்டில் எறும்பும் பூச்சியும் குடிவருவதுபோலக் கிருமிகள் குடிவந்துவிடுகின்றன.

சிறு பிராயத்தில் முதலில் தலைகாட்டுபவை பெரும்பாலும் ஸ்டாபிலோகாக்கஸ், ஹீமோபிலஸ் என்ற இரண்டு. இவை மற்றவர்களுக்கும் வருகிற கிருமிகள்தான். வயது ஏற ஏற ஸூடோமோனாஸ் என்ற கிருமி வந்து சேருகிறது. டாக்டர்கள் பயப்படுவது இதற்குத்தான். இது ஈரமான இடங்களில் எல்லாம் வாழும். மண்ணில் உண்டு, தேங்கிய நீரில் உண்டு, பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் வடிகாலில்கூட உண்டு. ஆரோக்கியமாக இருக்கும் உங்களையும் என்னையும் அது சாதாரணமாக ஒன்றும் செய்வதில்லை. கெட்டிச் சளி நிறைந்த மார்பைக் கண்டால் மட்டும் அதற்குக் கொண்டாட்டம்!

வந்த புதிதில் அது தனித்தனியாக அலைந்துகொண்டிருக்கும், மருந்துக்கும் அடங்கும். நாளாக ஆகத் தன்னைச் சுற்றி வழுவழுப்பான பிசின் ஒன்றைச் சுரந்து, கூட்டம் கூட்டமாக அதற்குள் பதுங்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு வீரியமுள்ள மருந்தானாலும் அந்தக் கோட்டைக்குள் முழுவதும் புக முடியாது. கிருமியை அடக்கி வைக்கலாம். அடியோடு விரட்டுவது மிகக் கடினம். நுரையீரலும் வருஷத்துக்கு வருஷம் பழுதாகிக்கொண்டே போகும்.

ஆகவே, அது நுழைந்ததற்கும் நிலைத்ததற்கும் இடையே இருக்கிற கொஞ்ச காலந்தான் நம் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் குழந்தைக்கு ஜுரம் இருக்க வேண்டும் என்பதில்லை. இருமல் அதிகமாக வேண்டும் என்பதும் இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பரிசோதனை ஒன்றுதான் காட்டிக் கொடுக்கும்.

விழுங்கிவிடும் குழந்தை

கபத்தைச் சோதித்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் கபத்துக்கு எங்கே போவது? பெரியவர்கள் காறித் துப்புவார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குத் துப்பத் தெரியுமா? வந்த சளியை மடக்கென்று விழுங்கிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும்! இந்தச் சின்னச் சங்கடத்தைத் தீர்ப்பதற்கு உலகத்து டாக்டர்கள் பல வருஷங்களாக மண்டையை உடைத்துக்கொண்டு வருகிறார்கள். நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, குழந்தை தானாக இருமித் துப்பினால் அந்தக் கபத்தை எடுத்துச் சோதிப்பது. இதுவே நல்லது. ஆனால் ஓரளவு வளர்ந்த குழந்தைகளிடம்தான் நடக்கும்.

இரண்டாவது, பஞ்சு சுற்றிய குச்சி. தொண்டையின் பின்பக்கத்தை அதனால் தடவி எடுப்பார்கள். அல்லது வாய்க்குள் குச்சியைப் பிடித்துக்கொண்டு குழந்தையை இருமச் சொல்வார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் தொண்டையில் இருப்பதெல்லாம் நுரையீரலில் இருக்கும் என்று சொல்ல முடியாது. தொண்டைப் பரிசோதனையில் ஸூடோமோனாஸ் இல்லை என்று வந்தால், அநேகமாகக் கீழேயும் இல்லை என்று ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். இருக்கிறது என்று வந்தாலோ, கீழேயும் இருந்துதான் தீரவேண்டும் என்பதில்லை. வாசல் திண்ணையில் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் உக்கிராண அறைக்குள்ளும் புகுந்திருக்கிறான் என்று முடிவு கட்டலாமா?

மூன்றாவது, உப்புநீர்ப் புகை. சாதாரண உப்புநீரைவிடக் காரமான உப்புக் கரைசலை ஒரு யந்திரத்தின் மூலம் பனிபோல ஆக்கி, குழந்தையை மூச்சோடு இழுக்கச் செய்கிறார்கள். கெட்டிச் சளி இளகுகிறது. பயிற்சி பெற்றவர்கள் முதுகையும் மார்பையும் தட்டி இருமச் செய்து, வந்த சளியை எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சுக் குழாய் சுருங்கிவிடாதபடி முன்னதாகவே ஒரு மருந்து கொடுத்துவிடுவார்கள். பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து டாக்டர்கள் இந்த முறையை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். குச்சிக்கு அகப்படாத பல கிருமிகள் இந்த முறையில் அகப்பட்டன. மிகச் சிறு குழந்தைகள்கூட இதைத் தாங்கிக்கொண்டார்கள்.

நான்காவது வழி கொஞ்சம் பெரிய காரியம். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக் குழலுக்குள் செலுத்துகிறார்கள். அதன் வழியாக உப்புநீரை விட்டு, நுரையீரலின் ஒரு பகுதியை அலசி, அந்த நீரைத் திரும்ப உறிஞ்சிச் சோதிக்கிறார்கள். உள்ளேயிருந்தே எடுப்பதால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. ஆனால் மயக்க மருந்து வேண்டும், அன்று ராத்திரி ஜுரமும் இருமலும் வரலாம், செலவும் ஆகும். இன்னொரு குறையும் உண்டு. அலசிய பகுதியில் கிருமி இல்லை என்பதால் மற்ற பகுதிகளில் இல்லை என்று ஆகிவிடாது.

விலை உயர்ந்ததுதான் நல்லதா?

'நல்ல பரிசோதனை எதுவோ அதையே செய்துவிட்டால் என்ன? செலவைப் பார்த்தால் முடியுமா?' என்றுதான் பெற்ற மனம் எண்ணும். இதே கேள்வியை ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் ஆராய்ந்து பார்த்தார்கள். 170 கைக்குழந்தைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் குழாய் விட்டு அலசிப் பார்த்து, அதன்படி வைத்தியம். மற்றதற்கு வழக்கம்போலத் தொண்டைக் குச்சியும் டாக்டரின் அநுபவமுமே துணை. குழந்தைகளுக்கு 5 வயது ஆகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். 2011-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு கூட்டத்திலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தையிடந்தான் ஸூடோமோனாஸ் இருந்தது. நுரையீரலின் பழுதிலும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை.

இதனால் அலசல் பரிசோதனையே வேண்டாம் என்று ஆகிவிடாது. குழந்தை தேறாமலே இருந்து, மற்ற பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாதபோது டாக்டர்கள் அதைத்தான் நாடுவார்கள். ஆனால் அந்த வசதி இல்லாத ஊரில் இருக்கிற தாயார், "என் குழந்தைக்கு நான் துரோகம் செய்கிறேனோ?" என்று உருக வேண்டியதில்லை. எளிய பரிசோதனையானாலும் தவறாமல் செய்தால் பலன் உண்டு.

சமையலறையிலிருந்து போன பொருள்

எடுத்த சளியை என்ன செய்கிறார்கள்? கிருமிக்குச் சாப்பாடு போட்டு வளர்க்கிறார்கள்! வட்டமான சிறு தட்டுகளில் பாகுபோல உறைந்த ஓர் உணவு. அதன்மேல் சளியைத் தடவி, உடம்பின் சூட்டிலேயே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி ஒன்றிரண்டு நாளில் பெருகிப் பொட்டுப் பொட்டாகக் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகிவிடும்.

அந்தத் தட்டு உறைவதற்கு என்ன சேர்க்கிறார்கள் தெரியுமா? நம் கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கடற்பாசிச் சத்துத்தான்! அதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் ஒரு குடும்பப் பெண். ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மேதையிடம் வேலை பார்த்தவர் வால்தர் ஹெஸ்ஸெ. கோடையில் அவருடைய தட்டுகள் உருகி ஓடிக் கிருமிகள் ஒன்றோடொன்று கலந்துபோயின. "உங்கள் ஜெல்லி மட்டும் வெயிலில் உருகுவதில்லையே, எப்படி?" என்று மனைவியைக் கேட்டார். கடற்பாசியின் ரகசியத்தை அந்த அம்மாள் சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த டச்சுக்காரர்களிடமிருந்து அவருடைய வீட்டார் கற்றுக்கொண்ட வித்தை அது. 1881-ல் நடந்த விஷயம். காக் அடுத்த வருஷம் க்ஷயரோகக் கிருமியைப் பற்றி எழுதியபோது கடற்பாசியைக் குறிப்பிட்டார். பான்னி ஹெஸ்ஸெ அம்மாளின் பெயரைக் குறிப்பிடவில்லை. சமையலறையிலிருந்து வந்த யோசனைக்கு அந்தக் காலத்தில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்! நம் ராமேசுவரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசிகளிலிருந்தும் இந்தச் சத்து தயாராகிறது.

ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு ருசி. ஒன்றுக்கு ரத்தம் கலந்த தட்டு வேண்டும். ஸ்டாபிலோகாக்கஸ் மற்ற கிருமிகள் பிழைக்காத உப்புத் தட்டிலும் வளரும். ஸூடோமோனாஸ் பச்சையும் நீலமுமாக நிறம் காட்டும். திராட்சைப் பழம்போல ஒரு வாசனையும் வீசும். அந்த நிறத்தைக் காயத்துக் கட்டுத் துணியில் பார்த்து, 1882-ல் பிரான்ஸில் கெஸ்ஸார் என்பவர் கிருமியைப் பிரித்தெடுத்தார். இப்போதோ கிருமியின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதிலுள்ள புரதங்களின் எடையைக் கொண்டு சில நிமிஷங்களில் அதன் பெயரைச் சொல்லும் யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் முதலில் தட்டில் வளர்த்தாக வேண்டும்.

வெங்காயத்துக் கிருமி

கூடையில் அடியில் கிடந்த வெங்காயம் அழுகிப் புளித்த நாற்றம் வீசுவதைக் கண்டிருப்பீர்கள். அமெரிக்காவில் வால்டர் பர்க்ஹோல்டர் என்ற தாவர சாஸ்திரி, அப்படி ஓர் அழுகலுக்குக் காரணமான கிருமியை 1950-ல் விவரித்தார். வெங்காயத்தின் லத்தீன் பெயரை ஒட்டி அதற்கு ஸெபேஸியா என்று பெயரும் வைத்தார். பிற்பாடு அவருடைய பெயரையே சேர்த்து, பர்க்ஹோல்டேரியா என்று ஆக்கிவிட்டார்கள்.

வெங்காயத்தோடு நிற்க வேண்டிய இந்தக் கிருமியும் அதன் உறவினர்களும் ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் உள்ளவர்களின் மார்பிலும் தென்பட ஆரம்பித்தன. சிலருக்குச் சில வாரங்களில் கடுமையான ஜுரம் கண்டு, நுரையீரல் அழிந்து மரணமே நேர்ந்தது என்று கனடாவில் டொரன்டோ நகரத்து டாக்டர்கள் 1984-ல் எழுதினார்கள். அதைவிடத் துயரமான செய்தி ஒன்று 1990-களில் உறுதியாயிற்று. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு, கூடிப் பழகுவதாலேயே அது தொற்றுகிறது! அதுவரை இந்தக் குழந்தைகளுக்கென்று கோடை விடுமுறை முகாம்கள் நடந்துவந்தன. அவற்றை மூட வேண்டியதாயிற்று. இன்றும் இந்த வியாதி உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் குறைந்தது 6 அடி தள்ளியே இருக்க வேண்டும் என்பது விதி. தன் கஷ்டத்தை முழுவதும் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொள்ளவும் முடியாத நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகையால்தான் கிருமியின் பெயரைத் திட்டமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஏதோ மார்ச்சளி, மருந்து கொடுத்தால் போயிற்று" என்று விட முடியாது. இந்தக் கிருமி மெதுவாக வளரும். சாதாரணத் தட்டில் வைத்தால் மற்றவை இதை அமுக்கிவிடும். இதற்கென்று தனித் தட்டு உண்டு. அதைப் போட வேண்டுமானால், வந்திருப்பது எப்படிப்பட்ட நோயாளியின் கபம் என்று ஆய்வுக்கூடத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்!

இதே வம்சத்தில் இன்னொரு கிருமி நம் பக்கத்து நாடுகளில் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. 1912-ல் ரங்கூனில் விட்மோர் என்ற டாக்டரும் கிருஷ்ணஸ்வாமி என்ற டாக்டரும் சேர்ந்து விவரித்த வியாதிக்குக் காரணம் அதுதான். மெலியாய்டோஸிஸ் என்பது அந்த வியாதியின் பெயர். வெளிநாட்டிலிருந்து வெப்ப நாடுகளுக்கு வந்துபோன ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்காரர்கள் சிலரை அது பிடித்திருக்கிறது. வெங்காயத்துக் கிருமி என்று அதைத் தவறாக எண்ணிவிடவும் கூடும். சிகிச்சையோ வேறு.

வாசலிலேயே மடக்க வேண்டும்

ஸூடோமோனாஸ் வந்தவுடனே பிடித்தால் என்ன லாபம்? டென்மார்க்கில் கோபன்ஹேகன் டாக்டர்கள் இதைச் செய்து காட்டினார்கள். முதல் தடவையாக இந்தக் கிருமி தென்பட்ட 26 பேரில் சிலருக்கு உடனே மருந்துப் புகையும் மாத்திரையும் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. 27 மாதங்கள் கவனித்தார்கள். மருந்து பெறாதவர்களில் 58 சதவீதம் பேரிடம் கிருமி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பெற்றவர்களில் 14 சதவீதம் பேரிடந்தான். 1991-ல் இது வெளியானபின், "முதல் கிருமியைக் கண்டவுடன் அடி" என்பதே எங்கும் கொள்கையாகிவிட்டது. இப்போது பல இடங்களில் 28 நாள் மருந்துப் புகை பிடிக்கச் செய்கிறார்கள்.

கண்டவுடன் அடிக்க வேண்டுமானால் அடிக்கடி தேட வேண்டும் அல்லவா? ஆகவே, குழந்தை நன்றாகவே இருந்தாலும் 3 மாதத்துக்கு ஒரு முறையாவது சளியைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க டாக்டர்கள் விதித்திருக்கிறார்கள். "நன்றாகத்தானே இருக்கிறாள், இந்தத் தடவை போகாவிட்டால் என்ன?" என்று தோன்றும் மாதந்தான் முக்கியமான மாதம்.

கபம் வற்றினால்?

இந்த வியாதியின் மூலத்தையே ஓரளவு சரிசெய்யும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2012-ல் ஒன்று வந்தது. மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை 2019-ல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. அதைச் சாப்பிடுகிறவர்கள் பலருக்கு இருமல் நின்று, சளி குறைந்து, உடம்பு தேறியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் வயதுவரைகூடப் பலர் பிழைக்காத காலம் ஒன்று இருந்தது. இப்போது அமெரிக்காவில் பிறக்கும் இந்தக் குழந்தைகள் 60 வயதைத் தாண்டியும் வாழலாம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த மாத்திரைக்கு அங்கே வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத விலைதான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கபம் வற்றிவிட்டதால், பெரியவர்களுக்கும் இப்போது சோதிக்கக் கபம் கிடைப்பதில்லை! நெடுநாள் குடியிருந்த கிருமி பலரிடம் மறைந்துபோகவும் இல்லை. துப்பத் தெரியாத குழந்தைக்காகக் கண்டுபிடித்த குச்சியும் உப்புநீர்ப் புகையும் இன்று பெரியவர்களுக்கும் உபயோகமாகின்றன.

நம் ஊரில்

'இது வெள்ளைக்காரர்களின் வியாதி' என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அது சரியல்ல. நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் உண்டு. அங்கே இருப்பதைவிடக் குறைவு என்றாலும், கண்டுபிடிக்கப்படாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஓயாத இருமலும் இளைப்பும் என்றால் நமக்கு முதலில் க்ஷயரோகந்தான் நினைவுக்கு வருகிறது. அப்படி நினைப்பது தவறும் அல்ல. ஆனால் பரிசோதனையில் க்ஷயக் கிருமி இல்லை, மருந்திலும் குணம் இல்லை என்றால், வேறு காரணம் தேட வேண்டும். க்ஷயக் கிருமிக்கு உறவான வேறு சில கிருமிகளும் ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் உள்ளவர்களிடம் வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தட்டில் வளர்ந்து அடையாளம் காட்டச் சில வாரங்கள்கூட ஆகலாம். பொறுமை வேண்டும்.

நெருங்கிய உறவுக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இப்படிப்பட்ட பரம்பரை வியாதிகளுக்கு இடம் அதிகம். குழந்தையைப் பறிகொடுத்த குடும்பம் என்றால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருமகளைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. பழுது இரண்டு பக்கத்திலிருந்தும்தான் வந்திருக்கிறது.

தாய்மார்கள் கவனத்துக்கு

அடிக்கடி மார்ச்சளி, எண்ணெய்ப் பிசுக்கும் துர்நாற்றமும் உள்ள மலம், நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாமை, முத்தமிட்டால் உப்புக் கரிப்பது - இவை சேர்ந்து இருந்தால் குழந்தை வைத்தியரிடம் வேர்வைப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். வேர்க்கும் குழந்தை எல்லாமே கொஞ்சம் உப்புத்தான். அதை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள்.

வியாதி உண்டு என்று தெரிந்த குழந்தையானால், கபம் கொடுக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். மார்பைத் தட்டிச் சளி எடுக்கும் வேளையில் கிடைக்கும் கபம் மேலானது. முதலில் தண்ணீரால் வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கள். எச்சில் அல்ல, அடி மார்பிலிருந்து வருவதே வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சுத்தமான குப்பியிலேயே பிடியுங்கள். வீட்டு டப்பா உதவாது. உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறையும் தட்டில் வேண்டாம். புது மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே கபத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. ஏற்கனவே சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள்.

சீட்டில் 'ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் நோயாளி' என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியிருக்காவிட்டால் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தை இருந்தால்தான் வெங்காயத்துக் கிருமிக்கு உரிய தட்டு வெளியே வரும்.

மருந்துப் புகை யந்திரத்தின் பாகங்களை ஒவ்வொரு தடவையும் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டால் கெடாது என்று உடன்வந்த குறிப்பில் இருந்தால் 5 நிமிஷம் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தில் ஸூடோமோனாஸ் வளரும். அழுகிய வெங்காயத்தை உடனே எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். நல்ல வெங்காயத்துக்குப் பயந்து சாம்பாரை நிறுத்த வேண்டாம்!

முடிவு வந்ததும், "ஒன்றும் இல்லை" என்றிருந்தாலும் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். தேதி வாரியாக ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள். எந்தக் கிருமி எப்போது முதலில் வந்தது என்பது டாக்டருக்கு வேண்டியிருக்கும். எந்த மருந்துக்குக் கிருமி மடிகிறது என்றும் அதில் போட்டிருக்கும். தட்டில் மடிந்தது மார்பிலும் மடியும் என்பது நிச்சயமில்லை. ஆகையால் காகிதத்தைப் பார்த்து நீங்களே மருந்து வாங்கிவிடாதீர்கள். அதை டாக்டரே தீர்மானிக்கட்டும்.

அடுத்த வாரம், குழந்தைகள் தூக்கத்தில் விடும் குறட்டையைப் பற்றிப் பார்ப்போம்.